ப்ளஸ் டூவுக்குப் பெரிய எழுத்து

பள்ளிக் கல்வி தொடர்பான எந்த அறிவிப்பிலும் ஒரு படிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே பெயரால்தான் குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்தப் படிநிலையைப் பொதுவாகச் சொன்னால் சின்ன எழுத்து. சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே எடுத்துச் சொன்னால் மட்டும் பெரிய எழுத்து. ஐயம் எழுந்தால் பெயரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, படிநிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இது கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்றின் சாரம். கையெழுத்து இயக்குநருடையது, வாசகம் என்னுடையது. மாநிலத்தின் எல்லாக் கல்வி அலுவலகங்களுக்கும் அது போயிற்று. எல்லா அலுவலகங்களும் 'கண்டேன், கோப்பில் சேர்க்க' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டன. ஒரு விதியை அடக்கம் செய்ய இதைவிட மரியாதையான சடங்கு அரசு அலுவலகத்தில் கிடையாது.

அந்தச் சுற்றறிக்கை பிறந்த கதை சிறியது. ஒரு வருடம் துறை வெளியிட்ட கைப்புத்தகத்தில் பத்தாம் வகுப்பு ஐந்து பெயர்களில் வந்திருந்தது. ஓரிடத்தில் ஸ்டாண்டர்ட், ஓரிடத்தில் கிளாஸ், ஓரிடத்தில் வெறும் டென்த், இன்னோரிடத்தில் எஸ்.எஸ்.எல்.சி., கடைசி அட்டவணையில் ஹைஸ்கூல் ஃபைனல். முன்பக்கத்தில் தேறிய பையன் பின்பக்கத்தில் தேறாதவனாக இருந்தான். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இதற்கு ஒரு வழி பண்ணும்" என்றார். பண்ணினேன்.

பெரிய எழுத்து விஷயத்தை நான் சேர்த்ததற்குத் தனிக் காரணம் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் எழுத்துகளுக்குள் பெரியது சின்னது என்ற சாதி இல்லை. அதனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் எங்கள் குமாஸ்தாக்கள் அந்த வசதியை மரியாதை காட்டப் பயன்படுத்தினார்கள். தலைமையாசிரியருக்குப் பெரிய எழுத்து, ஆசிரியருக்குச் சின்ன எழுத்து. அரசாங்கத்துக்கு எப்போதும் பெரியது, பொதுமக்களுக்கு எப்போதும் சின்னது. எங்கள் பிரிவில் ஒரு பியூன், ஊழியர் சங்கச் செயலாளர் ஆன மறுவாரமே அவர் பதவியின் முதல் எழுத்து வளர்ந்துவிட்டது. இது பிழையென்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவரைக் கண்டதும் எழுந்து நிற்பதுபோல அது கையில் படிந்த பழக்கம்.

நான் அதை மாற்ற முயன்றதற்குக் கிடைத்த பரிசு 'கேப்பிட்டல் சார்' என்ற பட்டம். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டுப் பேசிய ஒருவர், "சாரே, ரிட்டயர்மென்டுக்கு ஆர் பெரிசா, சிறிசா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. "பென்ஷன் வர்றவரைக்கும் சின்னது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு வலியசாலையில் என் வீட்டில் நாளிதழ்களில் பிழை திருத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரிகளில் இருந்த இரண்டு வருட ப்ரீ-டிகிரியை எடுத்துவிட்டுப் பள்ளிகளில் ப்ளஸ் டூ கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. புது மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல ஊர் முழுக்க ப்ளஸ் டூ பேச்சு. அலுவலகக் கடிதங்களிலும் அதற்கு இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை அல்லவா!

அப்படியிருக்கையில் ஒரு காலை எங்கள் பின்தெருவில் குடியிருந்த தோசை மாஸ்டர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் நின்று அவருடைய வலதுகை முடியெல்லாம் பொசுங்கியிருந்தது. மகள் பத்துவரை இங்கே தமிழ்வழியில் படித்தாள். அதற்குமேலும் தமிழில் படிக்க வேண்டுமென்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் நாகர்கோவில் பக்கம் அத்தை வீட்டில் தங்கிப் பன்னிரண்டு முடித்தாள். நல்ல மதிப்பெண். இங்கே ஆசிரியர் பயிற்சிக்கு, தமிழ் மொழிச் சிறுபான்மையினருக்கான இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

"பிள்ளை பன்னெண்டே படிக்கலங்கானுவ சாமி" என்றார் அவர். "படிக்காமலா மார்க்கு ஷீட்டு குடுத்தான்?"

அவர் நீட்டிய மெமோவைப் படித்தேன். விண்ணப்பதாரர் தமிழ்நாட்டின் ஹையர் செகண்டரி தேர்வில் தேறியிருக்கிறார், சேர்க்கைக்கான விவரக் குறிப்பேட்டில் கேட்டிருக்கும் தகுதியோ ப்ரீ-டிகிரி அல்லது ப்ளஸ் டூ, ஆகவே தகுதியில்லை. மெமோவில் ப்ளஸ் டூவுக்குப் பெரிய எழுத்து. தமிழ்நாட்டு ஹையர் செகண்டரிக்குச் சின்ன எழுத்து. எனக்குப் பழைய நண்பர்களைப் பார்த்ததுபோல இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுதான்."

"பின்ன ஏன் சார்?"

"ஒண்ணுன்னு எழுதலை. அதான்."

அவள் சிரிக்கவில்லை. அப்பா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஓணத்துக்குள்ள சீட்டு இல்லன்னா அத்தை மவனுக்குப் பேசி முடிச்சிருவாங்க சார். ரெண்டு வருஷம் சோறு போட்டிருக்காங்கல்லா. அத்தை இப்பமே தேதி கேக்கு."

"பையன் நல்லவன்தான் சாமி" என்றார் தகப்பனார் அவசரமாக.

"நல்லவன்தான்" என்றாள் மகள். "நான் டீச்சரானப் பொறவும் நல்லவனாத்தான் இருப்பான். இருந்துட்டுப் போட்டும்."

உள்ளேயிருந்து என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண்ணின் கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது, பெண்ணுக்கு மட்டும் டம்ளர் நிறைய இருந்ததிலிருந்து தெரிந்தது.

"கேட்டேளா, அந்த சர்க்குலரை எழுதினது நீங்கதானே? இத்தனை வருஷம் அதுக்காகத்தான் எல்லாரும் கேலி பண்ணினா. ஒரு நாளாவது அது ஒரு காரியத்துக்கு ஆகட்டும்" என்றாள் மனைவி.

மறுநாள் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். சேர்க்கைப் பிரிவின் கண்காணிப்பாளர் ஒருகாலத்தில் என் கீழே வேலை பார்த்தவர். எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கம் வீடு என்பதால் தமிழ் சரளமாக வரும், அவருடைய தமிழ். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"அய்யோ, நம்முடெ கேப்பிட்டல் சார்! இரிக்கு சாரே, இரிக்கு. ஒரு சாய சொல்லட்டே?"

சாயா வந்தது. மெமோவை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, வருத்தமாகத் தலையாட்டினார்.

"கஷ்டம்தான் சாரே. குட்டிக்கு நல்ல மார்க்கு. பக்ஷே ப்ராஸ்பெக்டஸ்ல எழுதினதுதானே நமக்கு வேதம்? அதுல ப்ளஸ் டூன்னு உண்டு. இதுல ஹையர் செகண்டரின்னு உண்டு. நான் எந்து செய்ய?"

"படிநிலை ஒண்ணுதானே?"

"அது சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரிய வேண்டாமா சாரே?"

சுற்றறிக்கையை நினைவூட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "உண்டு உண்டு, நல்ல சர்க்குலர்! நான்தானே சாரே அன்னைக்கு ஸ்டென்சில் ஓட்டினது?" என்றார். அதன்படி நடக்கலாமே என்று கேட்டேன். "அது பப்ளிகேஷனுக்குள்ள சர்க்குலர் அல்லே? இது அட்மிஷன்" என்று முடித்துவிட்டார்.

ப்ராஸ்பெக்டஸ் என்கிற இந்த விவரக் குறிப்பேடு எப்படித் தயாராகும் என்பது எனக்குத் தெரியும். புதிதாக யாரும் எழுத மாட்டார்கள். போன வருடத்துப் பிரதியை எடுத்து, மாற வேண்டிய பத்திகளை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் வேறு கோப்பிலிருந்து எடுத்த பத்தியைப் பசைபோட்டு ஒட்டி, தட்டச்சுக்கு அனுப்புவார்கள். ப்ரீ-டிகிரி இருந்த காலத்துப் பத்தியில் ப்ரீ-டிகிரி இருக்கும். புதிதாக ஒட்டிய துண்டில் ப்ளஸ் டூ இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் ஹையர் செகண்டரி என்றே கேட்டிருப்பார்கள், ஏனென்றால் படிவம் வேறொரு பிரிவில் ஒட்டியது. யாரும் பொய் எழுதுவதில்லை. எல்லாம் ஒவ்வொரு காலத்து உண்மை. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் மட்டும் ஒருவருக்கும் பொருந்தாத சட்டையாகிவிடும்.

நான் அடுத்த வாதத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, அதுவரை சாயா குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெண் பேசினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மோளே."

"இப்பம் லிஸ்ட்ல பேரு வந்திருக்குல்லா, இங்க உள்ள ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க. அவங்க சர்ட்டிபிகேட்ல ப்ளஸ் டூன்னா போட்டிருக்கு?"

கண்காணிப்பாளர் பக்கத்து மேசைக் குமாஸ்தாவைப் பார்த்தார். அந்த அம்மாள் கையிலிருந்த விண்ணப்பக் கட்டைப் புரட்டி, ஒரு சான்றிதழை எடுத்துப் பார்த்து, இன்னொன்றை எடுத்துப் பார்த்து, கட்டை மெதுவாகக் கட்டிவைத்தார்.

"இல்லா சாரே" என்றார். "ஹையர் செகண்டரின்னு தன்னெ."

ப்ளஸ் டூ என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கமும் ஆசையில் அதையே எழுதிவிட்டது. எந்தச் சான்றிதழிலும் அது அச்சாகவில்லை. இத்தனை வருடம் சொற்களைத் துரத்திக்கொண்டிருந்த எனக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பேருந்தில் திரும்பும்போது அவளிடம், "நீ கேட்டது ரொம்ப அபாயமான கேள்வி" என்றேன். "அதான் சார் கேட்டேன்" என்றாள்.

அன்று பிற்பகலே மனு எழுத உட்கார்ந்தேன். மனு எழுதுவதில் ஒரு ரகசியம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றும் கிடையாது. கெஞ்சக் கூடாது, அவ்வளவுதான். கெஞ்சுகிற மனுவுக்கு 'பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். கேள்வி கேட்கிற மனுவுக்கு அப்படிப் போட முடியாது. ஆகவே இரண்டே வேண்டுகோள் வைத்தேன். துறையின் சுற்றறிக்கை நடப்பில் உள்ளது, ரத்தாகவில்லை. அதன்படி படிநிலையைப் பார்த்து இவரைத் தகுதியுடையவராக ஏற்க வேண்டும். அல்லது, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் தகுதி என்பது துறையின் முடிவானால், தகுதிப் பட்டியலில் உள்ள மற்ற அனைவரும் எந்த விதியின்கீழ் சேர்க்கப்பட்டார்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டும்.

கீழே, 'நகல்: துறைச் செயலாளருக்கு' என்று ஒரு வரி சேர்த்தேன். மனுவை யாரும் படிக்காமல் இருக்கலாம். அந்த ஒரு வரியைப் படிக்காமல் இருக்க யாராலும் முடியாது. மேலிடத்திலிருந்து 'அறிக்கை தருக' என்று ஒரு துண்டுச் சீட்டு இறங்கும். இறங்கிவிட்டால், பிரிவில் யாராவது ஒருவர் பேனாவைத் திறந்தே ஆக வேண்டும்.

மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "மத்த குட்டிகளோட சீட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டாள்.

"ஆகாது. அத்தனை பேரையும் லிஸ்ட்லேந்து எடுத்துட்டா ஸ்ட்ரைக் வரும். ஸ்ட்ரைக் வர்ற காரியத்தை எந்த ஆபீசரும் செய்ய மாட்டான். மிச்சமிருக்கிறது ஒரே வழிதான்."

"கிராதகன்" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பெண் கையெழுத்துப் போட்டாள். தானே போய் தபால் பிரிவில் கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கி வந்தாள். நான் சொல்லாமலே, ரசீதில் அலுவலக முத்திரை தெளிவாக விழவில்லை என்று இரண்டாவது முறை குத்தச் சொல்லியிருக்கிறாள்.

ஆடி பிறந்தது. மலையாளிகளின் கர்க்கடகம். மழை விட்டு விட்டுப் பெய்தது. பயிற்சிப் பள்ளியில் வகுப்புகள் தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. நாகர்கோவிலிலிருந்து அத்தையே நேரில் வந்து, ஒரு வாரம் தங்கி, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கண்காணிப்பாளர்தான். குரலில் தேன் ஒழுகியது.

"சாரே, ஒரு காரியம். அந்தக் குட்டியை நாளைக்கே ஜாயின் பண்ணச் சொல்லு. நான் பிரின்சிப்பல்கிட்ட பறஞ்சிட்டு உண்டு. சாரு அந்த பெட்டிஷனை மட்டும் வாபஸ் வாங்கணும். செக்ரட்டேரியட்ல இருந்து ரிப்போர்ட் கேக்குன்னு. எந்து எழுதும் நான்?"

"உத்தரவு உண்டா?"

"உத்தரவு எதுக்கு சாரே? நம்மள் தம்மில் ஒரு விஸ்வாசம் இல்லே?"

"விசுவாசத்துக்கு தபால் எண் கிடையாதே" என்றேன்.

அன்று மாலை தகப்பனாரும் மகளும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "கெடச்சிட்டுல்லா சாமி! பொறவு என்ன? வாபஸ் வாங்கிருவோம். பெரியவங்களப் பகைச்சா நாளைக்கு இந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓணத்துக்கு அதிக நாள் இல்லை. நான் பிடிவாதம் பிடித்து, காரியம் கெட்டுப்போனால், இழப்பு எனக்கல்ல. அதனால் அவருக்கு அல்ல, அவளுக்கு விளக்கினேன். வாய்ச்சொல்லில் சேர்ந்தால் இரண்டு வருடம் படிக்கலாம். தேர்வெழுதலாம். அதன்பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் சரிபார்ப்பில் இன்னொரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். அவரும் இதே ப்ளஸ் டூ எங்கே என்று கேட்பார். அப்போது கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய விசுவாசமும் கூடவே ஓய்வு பெற்றிருக்கும். எழுத்தில் வந்தால் ஒருமுறை வந்தது எப்போதைக்கும் போதும். ஆனால் எழுத்தில் வராமலே ஓணம் வந்துவிடவும் கூடும்.

"நீதான் சொல்லணும்" என்றேன்.

அவள் யோசித்தாள்.

"எழுதியே தரட்டும் சார்."

"ஏட்டி, அத்தைக்கு என்ன பதில் சொல்ல?" என்றார் தகப்பனார்.

"அத்தைகிட்டயும் எழுதிக் கேளுங்க" என்றாள். என் மனைவி சமையலறையில் சத்தமாகச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. தகப்பனாரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார்.

கண்காணிப்பாளருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். "அய்யோ சாரே" என்று ஒரே ஒரு முறை பெருமூச்சு விட்டார். பிறகு, பழைய உதவியாளர் பழைய அதிகாரியிடம் கேட்கும் குரலில், "அப்போ ட்ராஃப்ட் எப்படிப் போகணும்?" என்றார். இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. தோற்றது தெரிந்ததும் வேலையை ஒழுங்காகச் செய்வார்.

"என்கிட்ட ஏன் கேக்கறீர்? நான் மனுதாரர் பக்கம்."

"சாரே, தமாஷ் வேண்டாம். பறை."

சொன்னேன். சுற்றறிக்கையின் எண் முதலில். அடுத்து, விவரக் குறிப்பேட்டில் ப்ளஸ் டூ என்று வருமிடமெல்லாம் மேல்நிலைப் படிநிலை என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. அந்தப் படிநிலையை எந்த மாநிலத்தின் வாரியத்தில் முடித்திருந்தாலும் தகுதி உண்டு என்று ஒரு வரி. கடைசியில் அவளுடைய பெயரும் சேர வேண்டிய நாளும். அவர் எழுதிக்கொண்டார். நடுவில் நிறுத்தி, "ஹையர் செகண்டரி இங்கே சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"படிநிலைன்னா சின்னது."

"சரி சார்" என்றார்.

அந்த வரைவு அவருடைய மேசையிலிருந்து துணை இயக்குநரிடம் போய், அங்கிருந்து ஒரு திருத்தத்தோடு இறங்கி, திருத்தத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி ஏறி, கையெழுத்தாகி, அனுப்புகைப் பிரிவில் தபால் தலைக்குக் காத்திருந்தது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. நடுவில் சுதந்திர தினம் வந்து விடுமுறை வேறு. நாகர்கோவிலிலிருந்து நாள் குறித்தாகிவிட்டது என்று தகவல் வந்தது. தகப்பனார் இருமுறை எங்கள் தெருமுனைவரை வந்து, வீட்டுக்குள் வராமல் திரும்பிப் போனதை மனைவி பார்த்தாள். பெண் மட்டும் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கர்க்கடக மழையில் எதை உலர்த்தினாளோ!

அரசு முத்திரையிட்ட பழுப்பு உறையைத் தபால்காரர் அவளிடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் பிரிக்காமல் ஓடி வந்தாள். பின்னாலேயே தகப்பனார், தோசைக் கரண்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு வந்தவர்போல, மாவு ஒட்டிய கையோடு. "நீங்க பிரிங்க சாமி" என்றார். "உம் பொண்ணு பேருக்கு வந்த கடுதாசி" என்றேன். அவள் பிரித்துப் படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு முறை சத்தமாக, பிறகு அப்பாவுக்காகத் தமிழில் ஒரு முறை. தகுதியுடையவர் என்று இருந்தது. அந்த வாரமே சேர வேண்டும் என்று இருந்தது. நகல், மாநிலத்தின் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் என்று இருந்தது. இனி வேறெந்தப் பெண்ணும் இந்தக் காரணத்துக்காக யாருடைய வாசலுக்கும் வர வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள்.

நான் கடிதத்தை வாங்கி, தொழில் பழக்கத்தில், எழுத்துகளைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே பெயர். எல்லா இடத்திலும் சின்ன எழுத்து. திருத்த ஒன்றுமில்லை.

"அத்தைக்குப் போன் பண்ணணும்" என்றார் தகப்பனார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "நான் பண்ணுதேன்ப்பா" என்று மகள் எங்கள் தொலைபேசியை நோக்கி நடந்தாள். மனைவி பாயசத்துக்கு அரிசி களையப் போனாள். எப்படியும் வைக்கத்தான் வேண்டும். மலையாள வருடம் பிறந்த நாள் அது, சிங்க மாதம் ஒன்றாம் தேதி.